பதிப்புரிமை கற்பிக்கும் மூன்று மாணவர் தளங்கள்: எட்டாம் வகுப்புக்கு எதை எடுப்பது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து பதிப்புரிமை குறித்து மூன்று வலைத்தளங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணினி அறையிலும் வீட்டுக் கைப்பேசியிலும் திறந்து படிக்கும் பாடத்துணையாக ஏற்க வேண்டும். பள்ளியின் நூலகப் பொறுப்பையும் தமிழ்ப் பாடத்தையும் கவனிப்பவள் என்ற முறையில் மூன்றையும் வரி விடாமல் படித்தேன். எதை ஏற்கலாம், எந்த நிபந்தனையோடு ஏற்கலாம் என்பதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

எல்லையோரத்தில் இந்தப் பாடத்துக்குத் தனித் தேவை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பாடநூல் கேரளத்தில் அச்சாகிறது. துணைநூலும் வினா வங்கியும் பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகின்றன. பாட்டும் படமும் இரு மொழியிலும் கைப்பேசிக் குழுக்களின் வழியே வந்து சேர்கின்றன. ஆண்டு விழாவுக்குத் தமிழ் நாடகம் ஒன்று, மலையாளப் பாட்டு ஒன்று என்பது இங்கே வழக்கம். ஆகவே, "வாளையாற்றைத் தாண்டினால் சட்டம் மாறுமா, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்பது இயல்பான கேள்விதான். பதிப்புரிமை அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 49ஆம் இனத்தில் வருகிறது; 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது; வாளையாற்று எல்லைச் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் அதே சட்டம்தான். இந்த எளிய விடையை மூன்று தளங்களில் ஒன்று மட்டுமே தருகிறது என்பதிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்கலாம்.

முதல் குழுவின் தளம் பார்த்தவுடன் பிடித்துப்போகும் தளம். முகப்பில் எழுத்து தெளிவாக இருக்கிறது, கைப்பேசியில் திறந்தாலும் பக்கம் சிதறுவதில்லை, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்து கேள்விகளோடு ஒரு சிறு தேர்வு வருகிறது, விடை தவறினால் எந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டும் என்றும் காட்டுகிறது. எங்கள் கணினி ஆசிரியர் இதைத்தான் பரிந்துரைத்தார். வடிவமைப்பைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பெல்லாம் அந்தத் தளம் எந்த நாட்டுச் சட்டத்தைக் கற்பிக்கிறது என்பதில்தான். இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்த அமெரிக்கப் பள்ளிக் கட்டுரைகளை எடுத்து, அவற்றைத் தமிழில் எழுதி, நாட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். படிக்கும் பிள்ளைக்கு இது நம் சட்டம் என்றே தோன்றும்.

அதனால் வரும் பிழைகள் சிறியவை அல்ல. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்று அந்தத் தளம் சொல்கிறது. அமெரிக்காவில் 1978 முதல் படைக்கப்பட்டவற்றுக்கு அதுதான் பொதுவிதி. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1992ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அது 50ஆக இருந்தது. பாரதிதாசன் 1964 ஏப்ரலில் காலமானார். நம் சட்டப்படி அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பாடல்களுக்கான உரிமைக்காலம் 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது அதற்கும் பல ஆண்டுகள் முன்பே. முதல் தளத்தை நம்பிக் கணக்கிடும் பிள்ளையோ 2034 வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதும். தேர்வுப் பகுதியில் இதே போன்ற ஒரு கணக்கு இருக்கிறது. அதில் சரியாக விடை எழுதும் பிள்ளைக்குத் தவறு என்றும், தவறாக எழுதும் பிள்ளைக்குச் சரி என்றும் தளம் மதிப்பெண் போடுகிறது. அழகான தேர்வுமுறை இருப்பதாலேயே இந்தப் பிழை இன்னும் ஆழமாகப் பதியும் என்பதுதான் என் கவலை.

அதைவிடப் பெரிய பிழை, எவ்வளவு எடுக்கலாம் என்ற பகுதியில் இருக்கிறது. ஒரு நூலில் பத்து சதவீதம் வரை எடுக்கலாம், ஒரு பாட்டில் முப்பது நொடி வரை எடுக்கலாம் என்று அந்தத் தளம் எண்களை அடுக்குகிறது. நம் சட்டத்தில் இப்படி எந்த அளவுகோலும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் நியாயமான பயன்பாடு என்ற விதி நான்கு காரணிகளை எடைபோட்டு எந்தப் பயன்பாட்டையும் ஆராய இடம் தருகிறது. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அப்படித் திறந்து வைக்கவில்லை; சொந்தப் பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தி வெளியிடுதல் என்று நோக்கங்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்குள் நேர்மையாகக் கையாளலாம் என்கிறது; அதோடு கல்வி, நூலகம், நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவங்கள் எனத் தனித்தனி விலக்குகளையும் பட்டியலிடுகிறது. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பதும், வினாத்தாளில் அதைச் சேர்ப்பதும், விடையில் எழுதுவதும் அந்தப் பட்டியலில் தெளிவாகவே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டிய இந்த உரிமை முதல் தளத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை.

இந்தத் தளத்தின் தவறு பக்கத்துக் குழுவையும் பாதித்ததை நேரில் பார்த்தேன். மூன்றாம் குழுவினர் மலம்புழை அணைப் பூங்காவுக்குச் சுற்றுலா போனபோது, கானாயி குஞ்ஞிராமன் 1969இல் படைத்த யட்சி சிலையைத் தங்கள் கைப்பேசியில் படமெடுத்துத் தளத்தில் வைத்திருந்தார்கள். முதல் குழுவின் தளத்தில் "பொது இடத்துச் சிலையின் படத்தை வெளியிடச் சிற்பியின் அனுமதி வேண்டும்" என்று படித்ததும் அதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இணையத்திலிருந்து எடுத்த வேறொரு படத்தை ஒட்டினார்கள். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்கவும் அந்தப் படத்தை வெளியிடவும் இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அமெரிக்கச் சட்டம் கட்டடங்களுக்குத் தரும் அந்த விலக்கைச் சிற்பங்களுக்குத் தருவதில்லை. அயல்நாட்டு விதியை நம்பியதால், பிள்ளைகள் தங்களுக்கு முழு உரிமை இருந்த சொந்தப் படத்தை எடுத்துவிட்டு, உரிமை இல்லாத படத்தைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையைக் கற்பிக்கும் தளத்தில் நாட்டின் பெயர் விடுபட்டால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் தளத்தின் தொனியையும் சொல்லியாக வேண்டும். முகப்பிலேயே சிவப்பு எழுத்தில், அனுமதியின்றிப் படம் எடுத்தால் மூன்றாண்டுச் சிறை என்று எச்சரிக்கை. இது ஒன்று மட்டும் இந்தியச் சட்டத்திலிருந்து எடுத்தது. ஆனால் பாதியாக எடுத்தது. 63ஆம் பிரிவு தெரிந்தே மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காகச் செய்யாத நிலையில், போதிய காரணம் காட்டி, நீதிமன்றம் தண்டனையை அதைவிடக் குறைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அச்சுறுத்தித் தொடங்கும் பாடத்தில், அந்தப் பிள்ளை தன் ஐயங்களைக் கேட்கப்போவதில்லை.

இரண்டாம் குழுவின் தளம் இதற்கு நேர்மாறானது. வண்ணமில்லை, அசைவில்லை, நீண்ட பக்கங்கள், சிறிய தலைப்புகள். தலைமையாசிரியர் இதையே விரும்பினார், ஏனெனில் பள்ளியின் பெயரில் வெளிவரும் எதிலும் தவறு இருக்கக்கூடாது என்பது அவர் நிலை. சட்டத்தைப் பொறுத்தவரை இந்தக் குழு பாராட்டுக்குரியது. எந்த நாட்டுச் சட்டம், எந்த ஆண்டுச் சட்டம், 2012 திருத்தத்தில் ஒளிப்படங்களுக்கான உரிமைக்காலம் எப்படி மாறியது என்பதையெல்லாம் முறையாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அறிந்த பெயர்களை வைத்தே கணக்கும் காட்டியிருக்கிறார்கள்: குமாரன் ஆசான் 1924இல் இறந்தவர், அவர் கவிதைகளை யாரும் அச்சிடலாம், வைக்கம் முகம்மது பஷீர் 1994இல் இறந்தவர், அவர் கதைகளுக்கு 2054 முடிய உரிமை உண்டு, பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இலேயே வாங்கியது, பின்னர் அவை பொதுவாயின. திருக்குறள் எல்லோருக்கும் பொது, பரிமேலழகர் உரையும் பொது, ஆனால் அண்மைக்கால உரையாசிரியர் ஒருவரின் உரையை அப்படியே எடுக்க முடியாது என்ற பத்தி, நான் வகுப்பில் சொல்ல நினைத்ததை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்கிறது.

வழக்குகளைத் தேர்ந்தெடுத்ததிலும் அவர்களுக்கு நல்ல கண் இருக்கிறது. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற அரசியல் நாடகத்துக்கு எதிர்வாதமாக எழுதப்பட்ட இன்னொரு நாடகம், அதன் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டபோது எழுந்த வழக்கில், 1996இல் கேரள உயர் நீதிமன்றம் எடுத்தது எவ்வளவு, எந்த நோக்கத்துக்காக, மூல நாடகத்தோடு அது போட்டியிடுமா என்று பார்த்து, விமர்சனமே நோக்கம் என்பதால் தடை வேண்டியதில்லை என்றது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நகலகம் ஒன்று பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தந்ததற்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் முதலில் தனி நீதிபதி வழியாகவும் பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு வழியாகவும், கற்பித்தலுக்குத் தேவையானதா என்பதே கேள்வி, விழுக்காடு அல்ல என்ற நிலையை எடுத்தது. முதல் தளத்தின் பத்து சதவீதத்துக்கு இந்த ஒரு பத்தியே பதில். ஆயினும், பேருந்து நிலையத்துக்கருகில் ஒரு கடை முழுத் துணைநூலையும் நகலெடுத்து விற்பதற்கு இந்தத் தீர்ப்பு காப்பளிக்காது என்ற எச்சரிக்கையை அவர்கள் சேர்க்கவில்லை. எங்கள் ஊருக்கு அது கட்டாயம் வேண்டும்.

படங்களிலும் இந்தக் குழு கவனமாக இருந்திருக்கிறது. மூன்றே படங்கள், இரண்டு அவர்களே வரைந்தவை, ஒன்று திறந்த உரிமப் படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுத்தது, அதற்குப் படைத்தவர் பெயரும் உரிம வகையும் கீழே இருக்கின்றன. எழுத்துரு எது என்றுகூடக் குறிப்பிட்டிருக்கிறார்கள்: கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு திறந்த உரிமத்தில் வெளியிட்ட மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துரு. மலையாளக் கணினி ஆர்வலர்கள் தமிழுக்குச் செய்து தந்ததை எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் நன்றியோடு பயன்படுத்தியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

இவ்வளவும் இருந்தும் இந்தத் தளத்தை வகுப்புக்குப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. காரணம் மொழி. பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் சட்டப் பிரிவுகளை வரிக்கு வரி தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வாக்கியம் ஒன்பது வரி ஓடுகிறது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடும்போதே எட்டாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தை மூடிவிடும். பிள்ளைகள் சிலரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, எல்லோரும் பாரதியார் பத்தியைச் சரியாகச் சொன்னார்கள். 52ஆம் பிரிவின் தமிழாக்கத்திலிருந்து ஒருவர்கூட ஒரு விதியையும் சொந்தச் சொற்களில் சொல்லவில்லை.

இங்கே சட்டமே கவனிக்கச் சொல்லும் இரண்டு செய்திகளையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் சட்ட வாசகத்தை எடுத்து வைக்க நினைக்கும் எந்தப் பள்ளித் தளத்துக்கும் இவை பொருந்தும். சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை அச்சிடலாம், ஆனால் அதோடு விளக்கமோ வேறு சொந்த எழுத்தோ சேர்ந்திருக்க வேண்டும் என்பது 52ஆம் பிரிவின் நிபந்தனை. வெறும் வாசகத்தை மட்டும் நிரப்பியிருக்கும் பக்கங்கள் அந்த நிபந்தனைக்குள் அடங்காது. அடுத்தது தமிழாக்கம்: அரசின் தமிழாக்கம் வெளிவராத நிலையில், அல்லது வெளிவந்தும் விற்பனையில் கிடைக்காத நிலையில், யாரும் ஒரு சட்டத்தை இந்திய மொழியில் பெயர்த்து வெளியிடலாம்; ஆனால் இந்தப் பெயர்ப்பை அரசு ஏற்கவோ அங்கீகரிக்கவோ இல்லை என்ற அறிவிப்பைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாம் தளத்தில் அந்த அறிவிப்பு இல்லை. முதல் நிபந்தனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: விளக்கம் எழுது என்று சட்டமே கேட்கிறது, பிள்ளைக்கும் வேண்டியது அதுவே.

மூன்றாம் குழுவின் தளத்தில் சட்டம் பின்னாலும் வாழ்க்கை முன்னாலும் நிற்கின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரு சூழ்நிலையில் தொடங்குகிறது. அக்கா மார்கழியில் போட்ட கோலத்தைப் படமெடுத்த பக்கத்து வீட்டுக்காரர், அதைத் தம்முடையது என்று போட்டிக்கு அனுப்பினால் என்ன செய்வது? வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் வந்த கவிதையை இன்னொரு பள்ளி பெயரின்றி எடுத்தால்? புதுப்படம் வெளியான அன்றே குழுவில் வந்த கோப்பை மாமாவுக்கு அனுப்பினால்? ஆண்டு விழாவில் போட்ட நாடகத்தை யூடியூபில் ஏற்றினால்? பிள்ளை முதலில் தானே ஒரு விடையைத் தேர்கிறது. பிறகு மூன்று நான்கு வரிகளில் விளக்கம் வருகிறது. உரிமை என்பது தன்மேல் சுமத்தப்படும் தடை மட்டுமன்று, தன் கோலத்துக்கும் கவிதைக்கும் கிடைக்கும் காப்பும் ஆகும் என்பதை மற்ற இரண்டு தளங்களும் சொல்லவே இல்லை. பதிவு செய்யாமலே, எழுதி முடித்த அந்தக் கணமே உரிமை பிறக்கிறது, வயது அதற்குத் தடையில்லை, பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கிறது என்பதை அக்காவின் கோலத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தளத்தைப் படித்த பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். வேறெந்தத் தளத்துக்கும் அது நடக்கவில்லை. ஒரு மாணவி, தன் அண்ணன் பாடிய பழைய திரைப்பாட்டைப் பதிவேற்றலாமா என்று கேட்டாள். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு, அண்ணன் தன் குரலில் பாடினால் ஒலிப்பதிவின் சிக்கல் விலகும், மற்ற இரண்டும் விலகாது என்று விளக்க அரை வகுப்பு நேரம் ஆனது. அதைவிடப் பயனுள்ள அரை வகுப்பு அந்த மாதத்தில் எனக்கு அமையவில்லை.

ஆனால் இந்தத் தளத்தின் குறை மிகக் கடுமையானது. பதிப்புரிமையைக் கற்பிக்கும் முகப்பில், உலகப் புகழ்பெற்ற ஒரு கேலிச்சித்திரப் பாத்திரம் கையில் புத்தகத்தோடு நிற்கிறது. அதன் கீழே சிறிய எழுத்தில் "நன்றி: கூகுள்". உள்ளே திரைப்படக் காட்சிகள், நாளிதழ்ப் படங்கள், பக்கம் திறந்ததும் ஒலிக்கும் ஒரு திரையிசை. எல்லாவற்றின் கீழும் அதே நன்றி. தேடுபொறி படத்தைக் காட்டுகிறதே தவிர அதற்கு உரிமையாளர் அல்ல. நன்றி சொல்வது அனுமதி கேட்பதாகாது. உண்மையான படைப்பாளியின் பெயரோ அந்த நன்றியில் இல்லவே இல்லை. கோலத்தைப் பெயரின்றி எடுப்பது தவறு என்று ஒரு பக்கத்தில் எழுதிய கைகளே அடுத்த பக்கத்தில் அதையே செய்திருக்கின்றன. கணினி அறையின் நான்கு சுவருக்குள் பாடமாக நடத்தும்போது இதற்குக் கல்வி விலக்கைச் சொல்லிப் பார்க்கலாம். உலகம் முழுவதும் திறக்கும் இணையப் பக்கத்தில் அலங்காரத்துக்கு வைத்த படத்துக்கு அந்தக் காப்பைக் கோர முடியாது.

சட்ட விளக்கத்திலும் இரண்டு இடங்கள் திருந்த வேண்டும். பள்ளி நாடகத்துக்கு எப்போதும் அனுமதி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளி நடவடிக்கையின் பகுதியாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளிச் செயல்பாடுகளோடு தொடர்புடையவர் என்ற எல்லைக்குள் இருக்கும்வரைதான் அது சரி. ஊரைக் கூட்டி நுழைவுச்சீட்டு விற்றாலோ, காணொளியாக ஏற்றினாலோ அந்த விலக்கு போய்விடும். மற்றொன்று, கருத்துக்கும் உரிமை உண்டு என்ற வரி. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் கருத்துக்கு உரிமையில்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை என்று தெளிவுபடுத்திவிட்டது. ஒரே கதைக்கருவை வைத்து இரண்டு பிள்ளைகள் கட்டுரை எழுதும் வகுப்பறையில் இந்த வேறுபாடு நாள்தோறும் தேவைப்படும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்தத் தளத்தில் பிழை குறைவு என்று கேட்டால் இரண்டாவது. எது கண்ணுக்கு இனியது என்று கேட்டால் முதலாவது. நான் வேறு கேள்வி கேட்கிறேன்: எதைத் திருத்துவதற்கு என்ன தேவை, அந்தத் திருத்தத்தில் யார் கற்கிறார்கள்? முதல் தளத்தைத் திருத்துவதென்றால் சட்டப் பகுதி முழுவதையும் அகற்றி மறுபடி எழுத வேண்டும். மிஞ்சுவது வடிவமும் தேர்வுமுறையும் மட்டுமே. இரண்டாம் தளத்துக்கு வாக்கியம் வாக்கியமாக மறு எழுத்து வேண்டும். அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தனியே செய்ய முடியாது, ஆசிரியர் எழுதித் தந்தால் அது மாணவர் தளமாக இருக்காது. மூன்றாம் தளத்துக்கு வேண்டியது படங்களையும் பாட்டையும் நீக்கி உரிமையுள்ளவற்றை வைப்பதும் இரண்டு விளக்கங்களைத் திருத்துவதும்தான். அந்த வேலையைச் செய்யும் பிள்ளைகள் பதிப்புரிமையை அந்த வேலையிலேயே கற்றுக்கொள்வார்கள். ஆகவே மூன்றாம் தளத்தையே பரிந்துரைக்கிறேன். ஆனால் படங்கள் மாறும்வரை அது பொதுவெளிக்குப் போகக்கூடாது என்பதில் எந்தத் தளர்வும் காட்ட மாட்டேன்.

மூன்றையும் கலந்து ஒரே தளமாக்கலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல பகுதிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் சட்டப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் உரிமையாளர் அதை எழுதிய பிள்ளையே, பள்ளி அல்ல. அவர்களைக் கேட்காமல் வெட்டி ஒட்டினால், பதிப்புரிமைப் பாடத்தை அதன் விதியை மீறித் தொடங்கியதாகிவிடும். ஒரு தளம் மற்றொன்றிடமிருந்து ஒரு பகுதியை வேண்டிப் பெற்றுக்கொள்வது வேறு செய்தி, அதை வரவேற்கிறேன்.

செய்ய வேண்டியவை இவை. முகப்புப் பாத்திரத்துக்குப் பதில் குழுவில் நன்றாக வரையும் மாணவனின் ஓவியம் போதும். பள்ளிக் கணினிகளில் படம் வரையவும் திருத்தவும் உதவும் ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் இருக்கின்றன, பள்ளியின் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளுக்கு இரண்டும் பழக்கம். அந்த மென்பொருள்களே யாரும் பயன்படுத்தவும் பகிரவும் உரிமம் தரப்பட்டவை என்பதை ஒரு பக்கத்தில் எழுதினால், உரிமம் என்பது மறுப்பதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் உரிய கருவி என்று பிள்ளைக்குப் புரியும். யட்சி சிலையின் சொந்தப் படம் பழைய இடத்துக்கு வர வேண்டும், எடுத்த மாணவரின் பெயரோடும், எந்த விதியின்படி அதை வைத்திருக்கிறோம் என்ற ஒரு வரி விளக்கத்தோடும். வெளியிலிருந்து எடுக்கும் படம் எதுவாயினும், படைத்தவர், எடுத்த இடம், உரிம வகை ஆகிய மூன்றும் கீழே இருக்க வேண்டும். பின்னணிப் பாட்டு முற்றிலும் போகலாம். அது இல்லாமல் எந்தப் பாடமும் குறையப்போவதில்லை.

படைப்பைப் பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ஒன்றின்கீழ் தளம் முழுவதையும் வெளியிடுவது நல்லது. பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் வகையை நான் முன்மொழிகிறேன். கேரளத்துத் தேவிகுளத்திலோ ஆந்திரத்து நகரியிலோ புத்தூரிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு ஆசிரியர் இதை எடுத்துத் தம் ஊர் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்க விரும்பினால், எங்களிடம் அனுமதிக் கடிதம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் எழுத்தில் சம்மதம் தந்த பிறகே இதைச் செய்ய முடியும். இப்போது தளத்தில் இருக்கும் முழுப் பெயர்களும் வகுப்பு ஒளிப்படமும் அதற்கு முன் நீங்க வேண்டும், முதற்பெயர் போதும்.

தளம் எங்கே இருக்கும் என்பதும் சிறிய கேள்வியன்று. மாணவர்கள் உருவாக்கும் கல்வித் தளங்களுக்காக 1996இல் தொடங்கிய திங்க்குவெஸ்ட் போட்டியின் இணையதளம் 2013இல் மூடப்பட்டபோது, உலகின் பல நாட்டு மாணவர்கள் எழுதிய பக்கங்கள் தம் முகவரியை இழந்தன. இலவச இடத்தை நம்பி வைக்கும் எந்தத் தளத்துக்கும் அது நேரலாம். பள்ளிக் கணினியில் ஒரு முழுப் படியும், குழுவில் ஒரு பிள்ளையின் வீட்டில் ஒரு படியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்க வேண்டும், ஏனெனில் சட்டம் மீண்டும் திருத்தப்படலாம்.

இரண்டாம் தளத்தை ஒதுக்கவில்லை. அரசின் ஏற்புப் பற்றிய அறிவிப்பைச் சேர்த்த பிறகு, ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் மேற்கோள் தளமாக நூலகக் கணினியில் இருக்கும். மூன்றாம் தளத்தின் விளக்கங்களிலிருந்து அதற்கு இணைப்பும் தரலாம். வாளையாற்றுக் கேள்விக்கான அவர்களின் பத்தியையும் பாரதியார், பஷீர் கணக்கையும் மூன்றாம் குழு வேண்டிக் கேட்டிருக்கிறது. தங்கள் பெயரைக் குறிப்பிட்டால் தருவதாக இரண்டாம் குழுவினரும் ஒப்பியிருக்கிறார்கள். முதல் குழுவிடம் நானே பேசினேன். அவர்களுடைய தேர்வுப் பக்கத்தின் வடிவத்தை மூன்றாம் தளத்துக்குத் தர இசைந்தார்கள். 70ஐ 60ஆக்கி, பத்து சதவீதத்தை நீக்கி, சிலைக் கேள்விக்குச் சரியான விடை வைத்து, கேள்விகளை அவர்களே புதிதாக எழுதித் தருகிறார்கள். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு இரண்டாம் குழுவினுடையது.